மட்டக் குழாயின் மறுமுனை

டிசெம்பர் 3, ஞாயிறு

காலையில் தூறல். பத்து மணிக்குப் பின் வெயில். கிணற்று நீர் மேல்படிக்கு ஒரு முழம் கீழே.

இந்த நாட்குறிப்பில் வானிலை, கிணறு, உடல்நிலை, வீட்டு வேலை தவிர வேறெதையும் எழுதுவதில்லை என்பது என் பழைய வழக்கம். அரசியல் அறவே இல்லை. யுத்த காலத்தில் யார் வந்து எந்தப் பெட்டியைத் திறப்பார்கள் என்று தெரியாது. வருகிறவர் எந்தத் தரப்பு என்றும் தெரியாது. மழை பெய்தது என்று எழுதினால் எந்தத் தரப்பும் கோபிக்காது. யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

ஆனால் இன்று நடந்ததை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று விளங்கவில்லை.

பின்னேரம் வாசல் படலைச் சத்தம் கேட்டது. சந்தியில் போட்டோப் பிரதிக் கடை வைத்திருக்கும் குகதாசன். பிரதேச சபைத் தேர்தலுக்கு அவர் ஒரு சுயேச்சைக் குழு கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். சின்னம் அகப்பை. என்னை நிற்கச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் சைக்கிளைச் சாத்தி முடிப்பதற்குள் மறுப்பதற்கான காரணங்களை மனதில் அடுக்கிவிட்டேன். வயது, இரத்த அழுத்தம், கண்.

“ஐயா, நான் உங்களிட்ட வரேல்ல” என்றார் குகதாசன். “அம்மாவிட்ட வந்தனான்.”

வேட்பாளர்களில் நாலில் ஒரு பங்கு பெண்களாக இருக்கவேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறதாம். இவர்களுக்கு ஒரு பெண் குறைகிறதாம். அந்த ஒருவர் இல்லாவிட்டால் மற்ற எல்லாரையும் சேர்த்து நிராகரித்துவிடுவார்களாம்.

“ஒப்பம் வைச்சாக் காணும் அம்மா. நீங்கள் ஒரு இடமும் வரத் தேவையில்லை. ஒண்டும் கதைக்கத் தேவையில்லை.”

பரிமளம் குசினி வாசலில் நின்று ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். “கதைச்சால் குற்றமோ?”

“எதைப்பற்றி அம்மா?”

“எங்கட ஒழுங்கை வெள்ளத்தைப் பற்றி.”

குகதாசன் சிரித்தார். “தாராளமாக் கதையுங்கோ. ஆர் மறிச்சது?”

“அப்ப பேனையைத் தாங்கோ.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு சேலை வாங்குவதென்றாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கிறவள். என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். சீனி போட மறந்துவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. குகதாசன் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

டிசெம்பர் 5, செவ்வாய்

விட்டு விட்டு மழை. இடது முழங்காலில் வலி.

கனடாவிலிருந்து மகன் நிமலன் பேசினான்.

“அப்பா, அம்மாவுக்கு என்ன விசரே?”

“தெரியேல்ல.”

“நீங்கள் சொல்லிப் பாக்கேல்லையோ?”

“சொல்லுவம் எண்டுதான் இருக்கிறன்.”

“அவ ஒப்பம் வைச்சு முடிஞ்சுது. இனி என்னத்தைச் சொல்லப்போறியள்?”

நியாயமான கேள்விதான். தொலைபேசியை அவளிடம் கொடுத்துவிட்டுக் கோழிக்கூட்டைப் பார்க்கப் போனேன். கூட்டில் திருத்த வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

டிசெம்பர் 9, சனி

நேற்றுப் பகல் தொடங்கிய மழை இன்று மத்தியானம் வரை. கிணறு மேல்படியைத் தொட்டுவிட்டது.

யோகமலர் வீட்டுக்குள் வெள்ளம்.

எங்கள் ஒழுங்கையின் முடிவில் மூன்று வளவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. முதலாவது யோகமலருடையது. நடுவில் எங்களுடையது. மூன்றாவது ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் பேரம்பலத்தினுடையது. அவருடைய வளவுக்கு அப்பால் குளம். யோகமலர் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சிறு வீட்டில் மகள் தர்சிகாவோடு இருக்கிறார். தையல் வேலை. கணவரைப் பற்றி இங்கே எழுதமாட்டேன்.

குசினிக்குள் முழங்காலளவு தண்ணீர். அடுப்பு மூழ்கிவிட்டது. மலசலகூடக் குழி நிரம்பி அதுவும் சேர்ந்து மிதக்கிறது. தர்சிகாவுக்கு வரும் கிழமை சாதாரண தரப் பரீட்சை. புத்தகங்களை அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பரிமளம் போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்து எங்கள் விறாந்தையில் மேசை போட்டுக் கொடுத்தாள்.

“அன்ரி, எங்கட வீடு மட்டும் ஏன் தாழுது?” என்று பிள்ளை கேட்டதாம்.

“அது சோதினையில வராது. நீ படி” என்றாளாம் பரிமளம்.

டிசெம்பர் 10, ஞாயிறு

வானம் மப்பு. மழை இல்லை.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு ஊரில் எல்லாரும் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: அது பள்ளம். பிரதேச சபைக்கு எழுதிப் போட்டபோதும் அதே பதில் வந்தது. இயற்கையான தாழ்நிலம், வடிகாலமைக்க நிதி இல்லை. ஒழுங்கை வாசலில் மூன்று பெயர்க்கல்கள் நிற்கின்றன. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் ஒருவர் வந்து பிரதான வீதிக்குத் தார் போட்டார். பழைய தாரைக் கிண்டாமல் அதன்மேலேயே போட்டதால் வீதி ஒவ்வொரு முறையும் உயர்ந்தது. இப்போது வீதி எங்கள் படலையைவிட உயரம். அந்தப் பக்கமாக ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. வீதித் தண்ணீரும் ஒழுங்கைத் தண்ணீரும் முதல் வளவான யோகமலருடையதற்குள்தான் இறங்கும். பெயர்க்கல்கள் மட்டும் வெள்ளத்துக்கு மேலே தெளிவாகத் தெரிகின்றன.

மேலே எழுதியது அரசியலா என்று யோசிக்கிறேன். வீதியின் உயரத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.

டிசெம்பர் 16, சனி

நல்ல வெயில்.

காலைச் சாப்பாட்டின்போது பரிமளம் கேட்டாள். “இஞ்சருங்கோ, உங்களுக்கு மட்டம் பாக்கத் தெரியுந்தானே?”

நில அளவையில் படவரைஞராக முப்பது வருடம் இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா? “தெரியும். ஆனா கருவி இல்லை.”

“மேசன்மார் குழாயில தண்ணி விட்டுப் பாக்கினமே. அது காணாதோ?”

காணும். கண்ணாடிபோல ஒரு நீளக் குழாய் வாங்கித் தண்ணீர் நிரப்பினால், இரண்டு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒவ்வொரு முனையிலும் நிலத்திலிருந்து நீர்மட்டத்துக்கு உள்ள உயரத்தை அளந்தால் எது மேடு, எது பள்ளம் என்று தெரிந்துவிடும். ஆனால் முனைக்கு ஒருவராக இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையைப் பரிமளம் பிடித்தாள்.

யோகமலரின் குசினி வாசலில் தொடங்கினோம். அந்த வளவுக்குள் நான் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. பக்கத்து வளவுதான். காரணம் என்று ஒன்றும் இல்லை. சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. பரிமளம் போய்வருவாள்.

“ஐயா, ஒரு தேத்தண்ணி போடட்டே?” என்றார் யோகமலர்.

“வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சனான்” என்றேன். குடித்திருக்கவில்லை.

பிறகு எங்கள் பின்வளவு. பிறகு, ‘தண்ணீர்க் குழாய் போடப் போகிறோம்’ என்று பரிமளம் ஏதோ சொல்லி அனுமதி வாங்கியதால், பேரம்பலத்தின் பின்வளவு. கடைசியாகக் குளக்கரை. இடையில் மதில்கள் இருப்பதால் படலைகள் வழியாகச் சுற்றிச் சுற்றித் துண்டு துண்டாகத்தான் அளக்க முடிந்தது.

முடிவு: யோகமலரின் குசினி நிலத்தைவிடக் குளக்கரை ஒன்றரை அடி தாழ்வு. இடையிலுள்ள நிலமும் சீராகச் சரிந்துகொண்டே போகிறது.

இந்த முடிவு சந்தேகத்துக்குரியது. குழாயில் காற்றுக்குமிழி இருந்திருக்கலாம்.

டிசெம்பர் 17, ஞாயிறு

வெயில். குமிழி இல்லாமல் மறுபடி நிரப்பி அளந்தோம். அதே ஒன்றரை அடி. குழாய் வெயிலில் நெகிழ்ந்திருக்கக்கூடும்.

டிசெம்பர் 20, புதன்

விடியற்காலைக் குளிரிலேயே அளந்தோம். அதே ஒன்றரை அடி. ஒரே பிழை மூன்று தடவையும் வருவது உண்டு.

“என்ன வந்தது?” என்று பரிமளம் கேட்டாள்.

“இன்னும் கணக்குப் பாக்கோணும்” என்றேன். அவளுக்கு இந்த அளவுகள் விளங்காது.

கணக்கு சரியென்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், யோகமலரின் வளவு பள்ளம் இல்லை. தண்ணீருக்குக் குளம்வரை போக வழி இருக்கிறது. வழியில் மூன்று மதில்கள் நிற்கின்றன. குளக்கரையில் பேரம்பலத்தின் மதில். அவருக்கும் எனக்கும் நடுவில் அவர் கட்டிய மதில். எனக்கும் யோகமலருக்கும் நடுவில் ஒன்று. அது என்னுடையது.

இந்த எல்லைகளில் முன்பு வேலிதான் இருந்தது. நட்ட கிளுவைத் தடிகளான கதியாலும் அடைத்த பனையோலையும். வேலிக்காக எங்கள் ஆட்கள் பிடித்த சண்டை கொஞ்சநஞ்சமில்லை. வருடாவருடம் அடைக்கும்போது கதியால் ஒரு விரற்கடை அடுத்தவன் பக்கம் நகரும். அந்த ஒரு விரற்கடைக்காகக் கோர்ட்டில் தாத்தா முதல் பேரன்வரை நின்ற வழக்குகளுக்கு நானே வரைபடம் கீறியிருக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து உதவத் தொடங்கியதும் எல்லாரும் மதில் கட்டினோம். மதில் நகராது. சண்டை ஓய்ந்தது. பெரிய நிம்மதி என்றுதான் நினைத்தோம்.

வேலி ஆளை மறிக்கும், மாட்டை மறிக்கும். தண்ணீர் அதன் கீழால் போய்விடும். இதை நாங்கள் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. தண்ணீருக்குத் துவாரம் விடவேண்டும் என்று மேசனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இப்போது துவாரம் வைத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. என் மதிலைத் திறந்தால் அந்த அழுக்குத் தண்ணீர் முழுவதும் என் வளவுக்குள் வரும். கிணறு கெடும். பேரம்பலம் தன் மதில்களைத் திறக்காவிட்டால் அது என் வளவிலேயே நிற்கும். அவர் திறப்பாரா? அவரிடம் போய்க் கேட்பது யார்?

எல்லாம் கணக்குச் சரியாக இருந்தால்தான்.

டிசெம்பர் 30, சனி

தூறல்.

பரிமளம் வாக்குக் கேட்கப் போகிறாள். நானும் கூடப் போகிறேன். குடையும் துண்டுப்பிரசுரங்களும் என் பொறுப்பு. அவள் படலையைத் தட்டி உள்ளே போவாள். நான் வெளியே ஒழுங்கையில் நிற்பேன். பிறர் படலையைத் தட்டி எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். அவள் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

பேரம்பலம் படலைக்கே வந்துவிட்டார். “என்ன காணும், மனிசியைப் பாளிமென்ருக்கு அனுப்பிப்போட்டு நீர் சமைக்கப் போறீரோ?”

“பிரதேச சபைக்குத்தான்” என்றேன்.

“அகப்பைக்குப் போட்டா எனக்கு என்ன வரும், பிள்ளை?”

“சட்டியில இருக்கிறதுதான் வரும் அண்ணை” என்றாள் பரிமளம். “நான் வந்தா யோகமலர் வீட்டு வெள்ளத்துக்கு வழி பண்ணுவன்.”

“அது பள்ளம். பள்ளத்தில வீடு கட்டினா வெள்ளம் வரத்தான் செய்யும். அதுக்கு ஆர் என்ன செய்யிறது?”

பரிமளம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் குடையை மடக்கிக்கொண்டிருந்தேன். அதன் ஒரு கம்பி சிக்கியிருந்தது.

ஜனவரி 9, செவ்வாய்

வெயில். கிணறு இரண்டு முழம் இறங்கிவிட்டது. தர்சிகா பரீட்சை நன்றாகச் செய்தாளாம். விறாந்தை மேசையைத் திரும்ப உள்ளே எடுத்து வைத்தேன்.

ஜனவரி 21, ஞாயிறு

வெயில்.

வாசிகசாலையில் வேட்பாளர் கூட்டம். எல்லாக் கட்சியும் ஒரே மேடையில். பெரிய கட்சிக்காரர் ஒருவர் வெகுநேரம் பேசினார். அரசியல் தீர்வு, சர்வதேசம், எழுபது வருட ஏமாற்றம். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவ்வளவும் நான் பட்டதுதான். கொழும்பிலிருந்து எனக்கு வரும் ஓய்வூதியக் கடிதம் இன்றைக்கும் தனிச் சிங்களத்தில்தான் வருகிறது. ஆனால் முன்வரிசையில் இருந்த யோகமலர் கை உயர்த்தி, “தீர்வு வரேக்க எங்கட குசினிக்கும் வருமோ ஐயா?” என்று கேட்டதும் சபை சிரித்துவிட்டது. பேசியவரும் சிரித்தார். சிரித்தபடியே தன் கதிரைக்குப் போய்விட்டார்.

பிறகு பரிமளம் எழும்பினாள். எழுதிப் படிக்கவில்லை. “எங்கட ஒழுங்கையில வெள்ளம் நிக்கிற இடம் பள்ளம் எண்டு எல்லாரும் சொல்லினம். அது பள்ளம் இல்லை. அளந்து பாத்திருக்கு.”

பின்வரிசையிலிருந்து பேரம்பலத்தின் குரல். “ஆர் அளந்தது? உம்மட மனிசன்தானே? அந்தாள் இஞ்சதான் இருக்குது. எழும்பிச் சொல்லட்டுமே.”

எல்லாரும் திரும்பினார்கள். நான் எழும்பினேன். எனக்கு எண் தெரியும். மூன்று மதில் என்று சொல்லவேண்டியதுதான். முதலாவது என்னுடையது என்று சொல்லவேண்டியதுதான்.

“அது… ஆரம்ப அளவீடுதான்” என்றேன். “இன்னும் சரிபாக்க வேணும்.”

“ஐயா அடுத்த எலக்சனுக்கு முடிவு சொல்லுவார்” என்றான் எவனோ. நல்ல சிரிப்பு. நான் கதிரையில் இருந்துவிட்டேன். பரிமளம், “அவ்வளவுதான் எனக்குச் சொல்ல இருக்கு” என்று கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். ஏசியிருந்தால் நல்லது.

ஜனவரி 22, திங்கள்

கிணறு பார்க்கவில்லை.

ஜனவரி 27, சனி

வெயில். காற்று.

இரண்டு நாளாக ஒரு விடயம் மனதைவிட்டுப் போகவில்லை. கேட்டுக் கிடைக்காதவை எங்களுக்கு நிறைய உண்டு. தரமறுத்தவர்களும் உண்டு. அவர்களை நான் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரு தண்ணீரைக் கொழும்பு மறிக்கவில்லை. இராணுவம் மறிக்கவில்லை. வீதியை உயர்த்தியவர்கள் ஒரு பக்கத்தை மறித்தார்கள் என்பது உண்மை. மற்றப் பக்கத்தை நான் மறித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு மேலே இருப்பவர்கள் எனக்குச் செய்ததை எழுத எனக்கு எப்போதும் பயம். எனக்குக் கீழே இருப்பவர்களுக்கு நான் என்ன செய்கிறேன் என்பதை எழுத ஏன் பயப்படுகிறேன் என்று தெரியவில்லை. இதை யாரும் பெட்டியைத் திறந்து தேடப்போவதில்லையே.

எங்கள் பக்கத்து ஆட்கள், கீழ்ப்பக்கத்து ஆட்கள் என்று ஊரில் பிறப்பைப் பார்த்துச் சொல்கிறோம். நான் ‘கீழே’ என்று எழுதியது நிலமட்டத்தைத்தான்.

மேலே உள்ள வரியை வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். வெட்டவில்லை. அது முழுவதும் உண்மை இல்லை.

பெப்ரவரி 10, சனி

வெயில். தேர்தல்.

காலையிலேயே போய் வாக்களித்தேன். அகப்பைக்கு. சீட்டில் நான் போட்ட புள்ளடிக் குறி கோட்டைத் தாண்டிவிட்டதோ என்று பெட்டிக்குள் போட்டபிறகு சந்தேகம் வந்தது.

பெப்ரவரி 11, ஞாயிறு

வெயில்.

அகப்பைக்கு எங்கள் வட்டாரத்தில் நூறு வாக்குக்கூட விழவில்லை. பெரிய கட்சிதான் வென்றது. வெடி கொளுத்தினார்கள். குகதாசன் வந்து, “அம்மா, நீங்கள் நிண்டதால கொஞ்சமெண்டாலும் விழுந்தது” என்று ஆறுதல் சொன்னார். இம்முறை தேநீருக்குச் சீனி போட்டேன்.

அவர் போனபின் பரிமளம் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன்.

“தோத்தது கவலையோ?”

“நான் வெல்லவெண்டே நிண்டனான்?”

“அப்ப என்னத்துக்கு?”

காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். “முந்தின வருச மாரியில பின்வளவில யோகமலர் பக்கத்து மதிலடியில ஏறி நிண்டு எட்டிப் பாத்தனான். அங்கால யோகமலர் முழங்கால் தண்ணிக்க நிண்டு சட்டி பொறுக்கிறா. இஞ்சால என்ர செருப்பு நனையேல்ல. அதுக்குக் குழாய் வேணுமே?”

நானும் ஒரு கொத்தை எடுத்து ஆயத் தொடங்கினேன்.

“உங்களுக்கு நான் சொன்னா ஒத்துக்கொள்ள மாட்டியள். அளந்தாத்தான் ஒத்துக்கொள்ளுவியள். அதுதான் அளக்கப் பண்ணினனான். மூண்டு முறையும் மற்ற முனையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான். தண்ணி எங்க நிண்டதெண்டு எனக்கும் கண் தெரியுந்தானே?”

“அப்ப கூட்டத்தில நீரே சொல்லியிருக்கலாமே.”

“அளந்தது நீங்கள்” என்றாள். அவ்வளவுதான். சுளகை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள்.

டிசெம்பரில் எழுதாமல் விட்ட ஒன்றை இங்கே எழுதுகிறேன். யோகமலரின் கணவர் பெயர் ஜெயசீலன். யுத்தத்தின் கடைசி மாதத்தில் காணாமற்போனவர். அவர் எங்கே என்று அந்தப் பெண் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு கிழமையும் கந்தசுவாமி கோயிலடியில் படத்தோடு போய் இருக்கிறார். அதற்கான பதில் என்னிடம் இல்லை. வெள்ளத்துக்கான பதில் என்னிடம் இருந்தது.

பெப்ரவரி 15, வியாழன்

மாசி மாதத்தில் இப்படி மழையை நான் கண்டதில்லை. கடலில் தாழமுக்கமாம். பொழுதுபடும்போது யோகமலர் வீட்டுப் படி மூழ்கிவிட்டது என்று பரிமளம் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அலவாங்கு எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

பெப்ரவரி 16, வெள்ளி

மழை நிற்கவில்லை.

விடிந்ததும் பின்வளவில் யோகமலர் பக்கத்து மதிலடிக்குப் போனேன். அளவின்படி நிலம் எங்கே ஆகத் தாழ்வோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சதுரம் கீறினேன். ஈரத்தில் கோடு பிடிக்கவில்லை. கரித்துண்டால் கீறினேன். பரிமளம் எனக்குக் குடை பிடித்தாள். முதல் குத்தில் சீமெந்து மட்டும் உதிர்ந்தது. எழுபத்தைந்து வயதில் இரும்பு அலவாங்கைத் தூக்கிக் குத்துவது நினைப்பதுபோல் இல்லை. நிமலன் உழைத்து அனுப்பி, நான் நின்று பார்த்துக் கட்டுவித்த மதில். ஒவ்வொரு கல்லும் மட்டமாக வைத்தது.

“ஆரது? அங்கால என்ன செய்யிறியள்?” என்று யோகமலரின் குரல் கேட்டது.

“நான்தான் பிள்ளை. கொஞ்சம் தள்ளி நில்லும்.”

ஒரு கல் உள்ளே விழுந்தது. அதன்பிறகு நான் குத்த வேண்டியிருக்கவில்லை. சதுரத்தில் மிஞ்சிய இரண்டு கல்லையும் தண்ணீரே தள்ளிக்கொண்டு வந்தது. மண்ணிறத் தண்ணீர். ஒற்றைச் செருப்பு ஒன்று, நூல்கட்டைகள், தையல் வெட்டுத்துண்டுகள் எல்லாம் வந்தன. எங்கள் வளவை நிரப்பிக்கொண்டே போய்ப் பேரம்பலத்தின் மதிலில் முட்டி நின்றது. கிணற்றுக்கட்டைச் சுற்றிச் சுழித்தது. பரிமளம் அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றிவிட்டு வந்து, “பத்துப் பன்னிரண்டு நாளைக்கு வாளியில தண்ணி சுமக்கோணும் போல” என்றாள். அவள் முகத்தில் கவலை தெரியவில்லை.

ஒன்பது மணியளவில் யோகமலரின் குசினி நிலம் வெளியே தெரிந்ததாம். அவர் முழங்காலளவு தண்ணீரில் ஒழுங்கையால் சுற்றி எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் மூடிய ஒரு கோப்பை.

“அடுப்பு மூட்டீட்டன் ஐயா. குடிப்பியளோ?”

வாங்கிக் குடித்தேன். சீனி அளவாக இருந்தது. அதைச் சொன்னேன்.

பிறகு சேட்டுப் போட்டேன். குடையை எடுத்தேன். தேவையில்லை என்று தெரிந்தும் மட்டக் குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டேன். பரிமளம் கூட வந்தாள்.

“நீர் ஒழுங்கையில நில்லும்” என்றேன். குடையை அவளிடம் கொடுத்துவிட்டுப் பேரம்பலத்தின் படலையைத் தட்டினேன். முதல் தட்டு எனக்கே கேட்கவில்லை. மறுபடி தட்டினேன்.

பேரம்பலம் சாரத்தோடு வந்தார். “என்ன காணும் மழைக்குள்ள? எலக்சன் முடிஞ்சுதே. இப்பதான் வாக்குக் கேக்க வந்தீரோ?”

“வாக்கில்லை. மதில் கேக்க வந்தனான்.”

அவர் என் காலைப் பார்த்தார். முழங்கால்வரை சேறு. பிறகு என் வளவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். “என்ன உம்மட வளவு குளமாக் கிடக்கு?”

“என்ர மதிலை உடைச்சுப்போட்டன். தண்ணி இப்ப உம்மட மதிலில நிக்குது.”

“உமக்கென்ன விசரே? அது பள்ளமெண்டு ஊர் முழுக்க…”

“பள்ளம் இல்லை. உம்மட குளக்கரை அவையின்ர குசினியைவிட ஒன்றரை அடி தாழ்வு. நடுவில மூண்டு மதில். முதலாவது என்ர. மற்ற ரெண்டும் உம்மட. மூண்டு முறை அளந்தனான். பிழையில்லை.”

எல்லாம் சொல்லி முடித்துவிட்டேன்.

பேரம்பலம் தன் மதிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “இது மகள் அனுப்பிக் கட்டின மதில் காணும். அவளைக் கேக்கோணும். சுவிசில இன்னும் விடியேல்ல” என்றார்.

“விடியட்டும்” என்றேன். “நான் இஞ்ச நிக்கிறன்.”

“மழைக்கயோ?”

“ஓம்.”

நின்றேன். அவர் உள்ளே போனார். சற்றுப் பொறுத்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து விறாந்தையில் போட்டார். “அங்க நிண்டு செத்துப்போனா உம்மட மனிசி என்னைத்தான் பேசுவா. வந்திரும்.”

பெப்ரவரி 17, சனி

தூறல். மத்தியானத்துக்குப் பின் வெளிச்சம். வளவுத் தண்ணீர் குளப்பக்கம் வடிகிறது. கிணற்று நீர் கலங்கல். தெளிய நாள் செல்லும். முதுகு வலி.

அலவாங்கு பேரம்பலம் வீட்டில்.